பளுவும் பேரும்

மாத்தளை நகரை விட்டு இறத்தோட்டைப் பக்கமாக மலையேறிச் செல்வோர் அந்திப்பொழுதிலே தோட்டப் பாதையோரம் ஒரு காட்சியைக் காணக்கூடும். கூரை மட்டும் வேய்ந்து சுவரின்றி நிற்கும் ஒரு மடுவம். அதன் நடுவே தொங்கும் தராசு. கொழுந்து நிறைந்த கூடையையோ சாக்கையோ முதுகிலே தாங்கி, நெற்றிப் பட்டை இறுக, வரிசையாக நிற்கும் பெண்கள். காலையில் ஒருமுறை, நண்பகலில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை என நாளொன்றுக்கு மும்முறை இந்நிறுவை நடைபெறும். நிறுத்த எடையைக் கணக்கப்பிள்ளை ஏட்டிலே குறித்துக்கொள்வார்.

தோட்டத்துப் பேச்சிலே ஒரு நாட் சம்பளத்துக்குப் ‘பேர்’ என்பது வழக்கு. குறித்த அளவு கொழுந்து நிறுத்துக் கொடுத்தவளுக்கு ஒரு பேர் விழும். அவ்வளவு எட்டாதவளுக்கு அரைப்பேரே விழும். அவ்வளவு தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். அண்மைக் காலத்தில் 16 கிலோ முதல் 20 கிலோ வரை எனக் கொள்ளலாம். என் பாட்டியார் இத்தகைய மடுவம் ஒன்றின் முன்னே முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வரிசையில் நின்றவர். ஈரத்துக்கென்றும் கூடைக்கென்றும் சில இறாத்தலைக் கழித்தே எழுதுவார்களாம். அதனால் அரைப்பேரான நாட்களை அவர் தம் ஆயுள் முழுவதும் மறந்திலர். பேரன் பேத்திகளின் வயதைச் சொல்லத் தடுமாறிய முதுமையிலும், இன்ன மழைநாளில் இத்தனை இறாத்தல் கழித்தார்கள் என்று துல்லியமாகச் சொல்லுவார்.

பெண் ஒருத்தி சுமக்கும் பளுவை எடைபோட்டு, அதனை அவள் பெயருக்கு நேரே எழுதும் வழக்கம் நமக்குப் புதிதன்று. ஆயினும் எதற்காக எழுதினர், எவ்வாறு எழுதினர் என்பதிலேதான் வேற்றுமை உண்டு. இன்று நான் கூறவந்தது, தூக்கிய பளு தன் பெயரால் உலகப் பதிவேட்டில் ஏறப்பெற்ற ஒரு பெண்மணியின் வரலாறு. அவர் கர்ணம் மல்லேசுவரி. நம் கடலுக்கு அப்பால், ஆந்திர நாட்டின் வடகோடியிலே பிறந்தவர்.

அவ்வரலாற்றுக்கு முன்னர் மாத்தளையைப் பற்றி இன்னும் சில சொற்கள் கூறவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே, கோப்பித் தோட்டங்களுக்கென்று தென்னிந்தியாவிலிருந்து வந்த மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காட்டினூடே தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தனர். ஏறத்தாழ 150 மைல் நடை. காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலே மடிந்தோர் பலர். மாத்தளைக்குப் புகைவண்டி வந்தது 1880ஆம் ஆண்டிலேதான். சட்டி பானையும் அரிசி மூட்டையும் தலையிலே, குழந்தை இடுப்பிலே, இவ்வாறு அக்காட்டைக் கடந்த பெண்கள் எத்தனை இறாத்தல் சுமந்தனர் என்பதை எவரும் நிறுத்துப் பார்த்ததில்லை. தோட்டத்திற்கு வந்தபின் நிறுத்தார்கள். ஆயினும் அவர்கள் பெற்ற கூலி ஆணின் கூலியிலும் குறைவாகவே இருந்தது. தோட்டத்துறையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒத்த நாட்கூலி என்பது 1984ஆம் ஆண்டிலேதான் வந்தது.

இனி, வலிமையைச் சோதிப்பதற்கென்றே பளுவைத் தூக்கும் வழக்கத்தைப் பார்ப்போம். தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் ஊர் மந்தையிலும் கோயில் முன்றிலிலும் உருண்டையான ஒரு கல் கிடக்கும். அதனை இளவட்டக்கல் என்பர். கல்லை நிலத்தினின்றும் எடுத்து, முழங்காலில் ஏற்றி, மார்போடு அணைத்து, தோளுக்கு உயர்த்திப் பின்புறமாக எறிபவனே பெண் கேட்கத் தகுதியுடையவன் என்பது பழைய எண்ணம். அக்கல்லைச் சுற்றி நின்று பார்த்த பெண்கள், அதனிலும் கனத்த குடங்களையும் விறகுக் கட்டுகளையும் சுமந்துகொண்டே பார்த்திருப்பர்! அவற்றைக் கல்லோடு ஒப்பிட எவர்க்கும் தோன்றவில்லை. அண்மை ஆண்டுகளில் திருநெல்வேலி மாவட்டத்திலே பொங்கல் விழாவின்போது பெண்களும் இக்கல்லைத் தூக்கத் தொடங்கியுள்ளனர் என்பது மகிழத்தக்க செய்தி.

மேலை நாடுகளின் போக்கும் இதனின் வேறன்று. ஆண்களின் பளுதூக்கல் 1896ஆம் ஆண்டு ஏதென்சு நகரில் நிகழ்ந்த முதலாவது ஒலிம்பிக் விழாவிலேயே இடம்பெற்றது. பெண்களுக்கு அவ்வாயில் அடைத்தே கிடந்தது. வலிமை மிக்க பெண்களைச் சர்க்கஸ் கூடாரத்திலே வேடிக்கை பார்த்த உலகம், அவர்களைப் போட்டி மேடையிலே ஏற்ற மனங்கொள்ளவில்லை. பெண்களுக்கான முதலாவது உலகப் பளுதூக்கற் போட்டி 1987ஆம் ஆண்டு அமெரிக்காவின் டேட்டோனா பீச் நகரில் நடைபெற்றது. ஆசிய விளையாட்டு விழாவிலே 1990ஆம் ஆண்டு பீக்கிங் நகரிலும், ஒலிம்பிக் விழாவிலே 2000ஆம் ஆண்டு சிட்னி நகரிலும் பெண்களுக்கு இடமளித்தனர். ஆண்கள் ஏறிய மேடையிலே பெண்கள் ஏற 104 ஆண்டுகள் சென்றன.

மல்லேசுவரி 1975ஆம் ஆண்டு ஜூன் முதலாம் திகதி சிறீகாகுளம் மாவட்டத்து ஊசவானிபேட்டை என்னும் சிற்றூரிற் பிறந்தவர். தந்தையார் இரயில்வே பாதுகாப்புப் படையிற் காவலராகப் பணியாற்றியவர். சிறீகாகுளம் வலியோரைப் பெற்றெடுத்த மண். மார்பின்மேல் யானையை ஏற்றியும், இரும்புச் சங்கிலிகளை மூச்சை அடக்கி அறுத்தும் ‘கலியுக பீமன்’ எனப் பெயர்பெற்ற கோடி இராமமூர்த்தி நாயுடு முன்னர் இம்மாவட்டத்தைச் சேர்ந்திருந்த வீரகட்டத்தில் தோன்றியவரே. அவருடைய புகழால் ஆந்திரத்து வடபகுதியிலே உடற்பயிற்சிக் கூடங்கள் மீது மக்களுக்குப் பற்று மிகுந்தது. ஆயினும் அக்கூடங்கள் ஆடவர்க்கே உரியவையாக இருந்தன.

மல்லேசுவரியின் வீட்டிலோ பெண்மக்கள் பலர். மூத்தவர்கள் பளுதூக்கப் பழகினர். பன்னிரண்டு வயதளவில் மல்லேசுவரியும் அவர்களைப் பின்தொடர்ந்தார். நீலம்செட்டி அப்பண்ணா என்பவரே அவருடைய தொடக்க காலப் பயிற்சியாளர். மெலிந்த உடலைக் கண்டு, இவளுக்கு இது ஒவ்வாது என முதலிலே தம்மை ஒதுக்கிவிட்டதாகவும், தாயார் சியாமளா தந்த ஊக்கமே தம்மை மீண்டும் கூடத்துக்கு அனுப்பியதாகவும் மல்லேசுவரி பின்னாளிற் கூறியிருக்கிறார். தாய்மார் பலர் மகளின் கையிலே தண்டாயுதம் போன்ற இரும்பைக் கண்டால் அஞ்சுவர், ‘பிள்ளைப்பேறு என்னாகும்?’ என்று கேட்கும் அயலாரும் எங்கும் உண்டு. சியாமளா அம்மையார் அப்பேச்சுக்குச் செவிகொடுத்தாரில்லை.

இக்காலத்தில் இந்தியப் பெண்களின் பளுதூக்கலுக்கு வழிதிறந்தவர் மணிப்பூரைச் சேர்ந்த குஞ்சராணி தேவி. 1989ஆம் ஆண்டு மான்செஸ்டரில் நடந்த உலகப் போட்டியிலே அவர் மூன்று வெள்ளிப் பதக்கங்கள் பெற்றார். அடுத்த தலைமுறையாக மல்லேசுவரி எழுந்தார். 1993இல் மெல்போர்ண் நகரிலே வெண்கலம். 1994இல் துருக்கியின் இஸ்தான்புல் நகரிலே, 54 கிலோ எடைப்பிரிவில் உலகப் பட்டம். 1995இல் சீனத்துக் குவாங்சௌ நகரிலே மீண்டும் உலகப் பட்டம். 1996இல் வெண்கலம். அர்ச்சுனா விருதும் கேல் ரத்னா விருதும் வந்தன. 1999இல் பத்மசிறீ விருதும் வந்தது. உலகப் பட்டம் இருமுறை பெற்ற இப்பெண்மணியின் பெயரை அந்நாளில் இந்தியாவிலேயே எத்தனை பேர் அறிந்திருந்தனர்? பட்டிதொட்டியெங்கும் கிரிக்கெட் வீரர்களின் பெயர் ஒலித்த காலம் அது.

எடைப்பிரிவு என்பதைச் சற்று விளக்கவேண்டும். பளுதூக்குவோரை அவரவர் உடலெடைக்கேற்பப் பிரித்து, ஒத்தவரோடு ஒத்தவரை மோதவிடுவர். வயது ஏற ஏற உடல் திரண்டு எடை கூடுதல் இயல்பு. கூடினால் அடுத்த பிரிவுக்குச் செல்லவேண்டும். அங்கே எதிரிகளும் வலியர், தூக்கவேண்டிய பளுவும் மிகுதி. மல்லேசுவரி 54 கிலோப் பிரிவிலிருந்து 63 கிலோப் பிரிவுக்கு ஏறி, 1998ஆம் ஆண்டு பாங்கொக் ஆசிய விழாவில் வெள்ளி பெற்றார். சிட்னிக்கு அவர் 69 கிலோப் பிரிவிலே சென்றார். உடல் பருத்துவிட்டது, இவருடைய காலம் கழிந்துவிட்டது என்று ஏளனஞ்செய்து எழுதியோர் இருந்தனர். பளுதூக்கும் பெண்ணின் உடல் பருத்ததைக் குறையாக எழுதிய அறிவை என்னென்பது!

சிட்னி நகரின் டார்லிங் துறைமுகப் பகுதியில் உள்ள மண்டபத்திலே, 2000ஆம் ஆண்டு செப்டெம்பர் 19ஆம் திகதி, அந்தப் போட்டி நிகழ்ந்தது. பளுதூக்கல் இருவகைப்படும். தண்டை நிலத்தினின்று ஒரே வீச்சில் தலைக்குமேல் உயர்த்திப் பிடிப்பது ‘ஸ்னாட்ச்’. முதலில் தோளுக்கு ஏற்றி, நின்று, மூச்செடுத்து, பின்னர் தலைக்குமேல் உந்துவது ‘கிளீன் அன்ட் ஜெர்க்’. ஒவ்வொன்றிலும் மூன்று முயற்சிகள் உண்டு. தூக்கியவர் அசைவின்றி நின்றாரா என மூன்று நடுவர்கள் பார்ப்பர். இருவர் வெள்ளை விளக்கு ஏற்றினால் அது செல்லும். இரண்டு வகையிலும் செல்லுபடியான மிகக்கூடிய பளுவைக் கூட்டி இடம் வகுப்பர்.

மல்லேசுவரி ஸ்னாட்சில் 110 கிலோ தூக்கினார். சீனத்து லின் வெய்னிங் அம்மையாரும் 110. அங்கேரியின் எர்சேபெத் மார்குஸ் 112.5. இம்மூவருக்குமிடையே இருந்த இடைவெளி, என் பாட்டியாரின் கூடையில் கழித்தெழுதிய எடையிலும் பெரிதன்று. இரண்டாம் வகையிலே மல்லேசுவரி 130 கிலோவை உயர்த்தினார். மொத்தம் 240. லின் 132.5 தூக்கி 242.5 பெற்றார், மார்குஸ் 130 தூக்கி அதே 242.5 பெற்றார். மொத்தம் ஒத்திருந்தால் உடலெடை குறைந்தவருக்கே முதலிடம் என்பது அக்காலத்து விதி. அவ்விதிப்படி தங்கம் லின்னுக்குச் சென்றது.

மல்லேசுவரிக்கு ஒரு முயற்சி மீதமிருந்தது. தண்டிலே 137.5 கிலோ ஏற்றச் செய்தனர். முந்திய முயற்சியிலும் அது 7.5 கிலோ மிகுதி. ஏறியிருப்பின் 247.5, ஐயத்துக்கு இடமின்றித் தங்கம். ஏறவில்லை. பின்னர் கணக்கிட்டுப் பார்த்தோர், 132.5 கேட்டிருந்தால் மற்ற இருவரோடும் சமமாகியிருக்கலாம், 135 கேட்டிருந்தால் 245 ஆகி இருவரையும் கடந்திருக்கலாம் என்றனர். முடிவைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுதல் எளிது. மேடைக்குப் பின்னே, நொடிகள் ஓடிக்கொண்டிருக்க, எதிரி இன்னும் எவ்வளவு கேட்பாள் என்று அறியாமல் ஓர் எண்ணைச் சொல்வது அத்துணை எளிதன்று. பளுதூக்கல் வலிமைப் போட்டி மட்டுமன்று, ஏலமும் கூட என்று கூறின் மிகையாகாது. 137.5 என்ற அவ்வெண்ணைப் பிழையென்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. அது தங்கத்தையே குறிவைத்த எண்.

வெண்கலத்தோடு அவர் மேடையேறினார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி அவரே. அவ்விழாவிலே நூறு கோடி மக்களைக் கொண்ட பெருநாட்டுக்குக் கிட்டிய ஒரே பதக்கமும் அதுவே.

இவ்விடத்தில் நம் நாட்டை நினையாதிருக்க முடியவில்லை. அதே சிட்னியில், அதற்கு ஒன்பது நாட்களின் பின், செப்டெம்பர் 28ஆம் திகதி, கேகாலை மாவட்டத்துச் சிற்றூரொன்றிற் பிறந்த சுசந்திகா ஜெயசிங்க 200 மீற்றர் ஓட்டத்திலே மூன்றாவதாக வந்தார். 1948ஆம் ஆண்டு இலண்டனில் டங்கன் வைற் வெள்ளி பெற்றபின், அரை நூற்றாண்டு கடந்து இலங்கைக்குக் கிடைத்த ஒலிம்பிக் பதக்கம் அது. முதலிடம் பெற்ற மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து உட்கொண்டமையை ஒப்புக்கொண்டு பதக்கத்தை இழந்ததால், 2009ஆம் ஆண்டிலே சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாயிற்று. ஆக, அவ்வாண்டு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் கிடைத்த பதக்கங்கள் இரண்டே. இரண்டையும் கொணர்ந்தோர் பெருநகர் அறியா ஊர்களிற் பிறந்த பெண்கள்.

ஊக்கமருந்து என்றேன். பளுதூக்கலின் வரலாற்றை அதனை விடுத்துக் கூறுதல் நேர்மையாகாது. சிட்னியிலே பெண்களுக்கான முதலாவது பளுதூக்கற் தங்கத்தை வென்ற பல்கேரிய நாட்டு இசபெலா டிராக்னேவா சோதனையிற் சிக்கிப் பதக்கத்தை இழந்தார். அது அமெரிக்காவின் தாரா நொட் அம்மையாருக்குச் சென்றது. வாயில் திறந்த அன்றே களங்கமும் உள்ளே நுழைந்துவிட்டது.

சிட்னிக்குப் பிந்திய மல்லேசுவரியின் ஆண்டுகளை விரைந்து கூறிவிடலாம். 1997ஆம் ஆண்டிலேயே இராஜேஷ் தியாகி என்னும் பளுதூக்கும் வீரரை மணந்து அரியானாவின் யமுனாநகரிற் குடியேறியிருந்தார். 2001இல் மகன் பிறந்தான். 2002ஆம் ஆண்டுப் பொதுநலவாய விழாவுக்கு ஆயத்தமானவர், தந்தையாரின் மறைவால் விலகினார். 2004ஆம் ஆண்டு ஏதென்சு ஒலிம்பிக்கில் மேடையேறியும் மொத்த எடை பதியாமலே திரும்பினார். அதனோடு போட்டி வாழ்வும் முடிந்தது. இந்திய உணவுக் கழகத்திலே உத்தியோகம் பார்த்தார். 2021ஆம் ஆண்டு டெல்லி விளையாட்டுப் பல்கலைக்கழகத்தின் முதலாவது துணைவேந்தராக நியமனம் பெற்றார். மெலிந்தவள் என்று ஒருகால் ஒதுக்கப்பெற்ற சிறுமி ஒரு பல்கலைக்கழகத்தின் தலைமைக்கு வந்தமை எனக்குப் பதக்கத்திலும் பெரிதாகத் தோன்றுவதுண்டு.

அவர் ஏறிய மேடையிலே பின்னர் பலர் ஏறினர். 2021ஆம் ஆண்டு தோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கிலே மணிப்பூரின் மீராபாய் சானு 49 கிலோப் பிரிவில் 202 கிலோ தூக்கி வெள்ளி பெற்றார். இளமையிலே மலைச்சரிவில் விறகு சுமந்து, தமையனால் தூக்கவியலாத கட்டைத் தான் தூக்கி வந்தவர் என அவரைப் பற்றிக் கூறுவர். அதே தோக்கியோவில் இத்தாலி நாட்டு ஜோர்ஜியா போர்டிஞோன் 64 கிலோப் பிரிவில் 104உம் 128உம் தூக்கி, மொத்தம் 232 கிலோவுடன் வெள்ளி பெற்றார். ஒலிம்பிக் விழாவிலே இத்தாலியப் பெண்ணொருவர் பளுதூக்கலிற் பெற்ற முதற் பதக்கம் அது. செல்வமும் பழைய விளையாட்டு மரபும் உடைய இத்தாலி நாட்டிலும் பெண்களின் இம்முதற் பதக்கத்துக்குச் சிட்னியிலிருந்து இருபத்தொரு ஆண்டுகள் காத்திருந்தனர் என்பதை நோக்கினால், ஊசவானிபேட்டைப் பெண்ணின் அருமை விளங்கும்.

நம் நாட்டிலும் இக்கலை வேரூன்றி வருகிறது. 2018ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் நகரிலே நடந்த பொதுநலவாய விழாவில் தினுஷா கோமஸ் 48 கிலோப் பிரிவில் 70உம் 85உம் தூக்கி, மொத்தம் 155 கிலோவுடன் வெண்கலம் பெற்றார். அதே பிரிவிலே தங்கம் பெற்றவர் மீராபாய் சானு.

சிட்னிப் போட்டியின் முடிவுப் பட்டியலிலே மல்லேசுவரியின் பெயருக்கு நேரே தூக்கிய பளுக்கள் யாவும் முறையே நிற்கின்றன. தூக்கவியலாத 137.5உம், செல்லாதது என்னும் அடையாளத்தோடு அங்கேயே நிற்கிறது. என் பாட்டியார் நிறுத்த கொழுந்தின் கணக்கேடு இன்று எவரிடமும் இல்லை. அது இருந்த நாளிலும், கழித்த இறாத்தலை அதில் எழுதியதில்லை. பேர் என்றும் அரைப்பேர் என்றும் மட்டுமே எழுதினர்.